நாற்பது நாள் நோன்பு

மாசி மாதம் கள்ளக்குறிச்சிச் சீமையில் கரும்பு வெட்டும் காலம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளை நோக்கிக் கரும்புப் பாரம் ஏற்றிய வண்டிகள் இரவும் பகலும் ஊர்ந்து செல்லும். சின்னசேலம் பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கை அகழ்ந்து குவிப்பார்கள். மேற்கே நிமிர்ந்து நிற்கும் கல்வராயன் மலையில் புளியை உலுக்கி உதிர்ப்பார்கள். ஆண்டு முழுவதும் பட்ட பாட்டுக்குப் பயன் கைக்கு வந்து சேர்கின்ற நாள்கள் இவை. இந்த நாள்களில்தான் இவ்வட்டாரத்துக் கிறித்தவக் குடும்பங்கள் உணவைச் சுருக்கி, மேளதாளத்தை நிறுத்தி, திருமணப் பேச்சைத் தள்ளிவைத்து, நாற்பது நாள் ஒடுங்கியிருக்கின்றன.

ஐரோப்பாவில் இக்காலம் வேறு முகத்தோடு வருவது. அங்கே குளிர்காலத்தின் கடைசி நாள்கள் அவை. களஞ்சியத்தில் தானியம் குறைந்திருக்கும். உப்பிட்டு வைத்த இறைச்சி தீர்ந்திருக்கும். புதுப்பயிர் இன்னும் முளைத்திராது. இருப்பது குறைந்த வேளையில் குறைத்து உண்பது ஒருவகையில் எளிது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் லெண்ட் என்னும் பெயர்கூட, பழைய ஆங்கிலத்தில் வசந்தத்தைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து வந்ததே. பகற்பொழுது நீள்கிறது என்பது அதன் அடிப்பொருள். நம் நாட்டில் அறுவடைக்குப் பின், கையில் நாலு காசு புழங்கும்போது, இந்நோன்பு வருகிறது. இருக்கும்போது குறைத்துக்கொள்ளுதல் என்னும் கருத்து இங்கேதான் உண்மையில் சோதனைக்கு உள்ளாகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மாணவ நேயர்களே, இக்காலத்திற்குத் தமிழர் வழங்கிய பெயர்களைச் சிறிது நின்று பார்ப்போம். கத்தோலிக்கர் முன்பு தபசுகாலம் என்றனர். இன்று தவக்காலம் என்கின்றனர். சீர்திருத்தத் திருச்சபையாரிடையே லெந்து நாள்கள் என்னும் வழக்கு உண்டு. ஒருவேளை மட்டும் முழு உணவு கொண்டு இருத்தலை ஒருசந்தி என்றனர். சந்தி என்பது பொழுதும் பொழுதும் கூடுமிடம். ஒருசந்தி இருப்பவர் நாளுக்கு ஒரு பொழுதே உண்பவர். கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய நம் பாட்டிமார் ஒருபொழுது இருந்ததும் இதுவே. புலாலை விலக்கிய உணவுக்குச் சுத்தபோசனம் என்று பெயரிட்டனர். காலத்தின் முடிவில் வரும் உயிர்ப்புப் பெருவிழாவைப் பாஸ்கு என்றனர். இது எபிரேய மொழியில் பிறந்து இலத்தீன் வழியாக நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்த சொல். இவற்றை அடுக்கிப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். அக்காலத்துத் தமிழ்க் கிறித்தவர் நோன்பு என்னும் செயலை வெளிநாட்டுச் சரக்காகக் கருதவில்லை. திருவிழாவின் பெயருக்குத்தான் அயற்சொல் வேண்டியிருந்தது. நோற்பதற்கு வேண்டிய சொற்கள் முன்பே வீட்டில் இருந்தன.

நோன்பு என்னும் சொல்லும் அவ்வாறே பழமையானது. நோற்றல் என்றால் பொறுத்தல். உண்ணாமை என்னும் பொருள் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது. திருவள்ளுவர் தவத்திற்கு வடிவம் கூற வந்தவிடத்து, காடு, சடை, மரவுரி எதையும் குறிப்பிடவில்லை. தனக்கு நேர்ந்ததைத் தாங்குவதும் பிறவுயிர்க்குத் துன்பம் இழையாமையும் ஆகிய இரண்டையுமே குறிக்கிறார். இவ்விரண்டாவது பகுதியை மறவாது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்கு அது தேவைப்படும்.

இனி நாற்பது என்னும் எண். மோசே சீனாய் மலையில் நாற்பது நாள் இருந்தார். எலியா ஓரேபு மலைக்கு நாற்பது நாள் நடந்தார். நினிவே நகருக்கு நாற்பது நாள் தவணை கொடுக்கப்பட்டது. இயேசு பாலைநிலத்தில் நாற்பது நாள் உண்ணாதிருந்தார் என்று விவிலியம் கூறும். தமிழரும் நாற்பதை அறியாதவர் அல்லர். பதினெண்கீழ்க்கணக்கில் நாற்பதாற் பெயர் பெற்ற நூல்கள் நான்கு. ஆயினும் நாள்கட்டி நோற்பதற்கு நாம் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், என்று கணக்கு வைத்தோம். தவக்காலத்தின் முதல் நாளாகிய புதன்கிழமை தொடங்கி உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முன்னாள் வரை எண்ணிப் பார்த்தால் நாற்பத்தாறு நாள் வரும். கணக்குத் தவறிவிட்டதோ என்று ஐயுற வேண்டாம். இடையில் வரும் ஆறு ஞாயிறுகளையும் நோன்பு நாளாக எண்ணுவதில்லை. எவ்வளவு கடுமையான காலத்திலும் வாரத்தில் ஒருநாள் மகிழ்ச்சிக்கு உரியது என்பது திருச்சபையின் எண்ணம். கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய பேரவையின் விதிகளிலேயே இந்த நாற்பதாம் நாள் கணக்குக் குறிப்பாகப் பேசப்படுகிறது. ஆதலால் இது குறைந்தது ஆயிரத்தெழுநூறு ஆண்டுப் பழமை உடையது.

கிறிஸ்துமஸ் ஆண்டுதோறும் டிசம்பர் 25-இல் வருகிறதே, ஈஸ்டர் மட்டும் ஏன் இடம் மாறி மாறி வருகிறது என்று மாணவர் பலர் வினவுவர். விடை நிலவில் இருக்கிறது. மார்ச் 21-ஆம் நாளோ அதன் பின்னரோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உயிர்ப்புப் பெருவிழா. எனவே அது மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்நாளிலும் வரலாம். அதற்கேற்பத் தவக்காலமும் முன்பின்னாக நகரும். அந்த முழுநிலவு பெரும்பாலும் நம் பங்குனி முழுநிலவே. 2024-ஆம் ஆண்டில் மார்ச் 25 திங்கட்கிழமை பங்குனி உத்திரம். முருகன் கோயில்களில் காவடி ஆடிய அந்நாள், தேவாலயங்களில் பெரிய வாரத்தின் திங்கட்கிழமை. அடுத்த ஞாயிறு மார்ச் 31 ஈஸ்டர். ஆனால் 2019-இல் பங்குனி உத்திரம் மார்ச் 21-இல் வந்தபோது, ஈஸ்டரோ ஒரு திங்கள் கழித்து ஏப்ரல் 21-இல் வந்தது. திருச்சபை வானத்தை நேராகப் பார்த்து நாள் குறிப்பதில்லை. பழைய அட்டவணை ஒன்றைப் பார்த்தே குறிக்கிறது. அந்த அட்டவணையின்படி அவ்வாண்டு மார்ச்சு மாத நிலவு ஒருநாள் முந்திவிட்டது. ஆகவே அடுத்த நிலவுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. நம் பஞ்சாங்கக்காரருக்குள் வாக்கியம், திருக்கணிதம் என்று வழக்கு இருப்பதை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

இந்நாற்பது நாளும் தொடக்கத்தில் எதற்காக ஏற்பட்டன? முதல் நூற்றாண்டுகளில் உயிர்ப்பு விழாவின் இரவிலேயே புதியவர்களுக்கு ஞானஸ்நானம் வழங்கினர். அதற்கு ஆயத்தம் செய்வோர் நோற்றனர். அவர்களுக்குத் துணையாக ஏற்கெனவே சபையில் இருந்தவர்களும் நோற்றனர். பெருங்குற்றம் புரிந்து சபையினின்று விலக்கப்பட்டவர்கள், மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படுவதற்காகச் சாம்பலும் முரட்டாடையும் தரித்து நின்றனர். வருபவர், திரும்பி வருபவர், இருப்பவர் ஆகிய மூவரும் ஒரே வாயிலில் கூடிய காலம் அது. தனி ஒருவர் தம் உடலை வருத்தும் பயிற்சி என்று அதனை இன்று நாம் எண்ணிக்கொள்கிறோம்; அன்று அது ஊர்கூடி வாயிலைத் திறந்துவைக்கும் முயற்சியாக இருந்தது.

சாம்பலைப் பற்றிச் சொன்னேன். தவக்காலத்தின் முதல் நாளைச் சாம்பற் புதன் என்றும் திருநீற்றுப் புதன் என்றும் வழங்குவர். நம் பெரியவர்கள் விபூதிப் புதன் என்றனர். சைவ மணம் வீசும் இச்சொல்லை அவர்கள் கூச்சமின்றி எடுத்தாண்டனர். சாம்பல் எங்கிருந்து வருகிறது என்பது சுவையான செய்தி. சென்ற ஆண்டுக் குருத்து ஞாயிற்றில் கையில் ஏந்திப் பவனி வந்த ஓலைகளை மக்கள் சிலுவையாக முடைந்து வீட்டுச் சுவரில் செருகி வைத்திருப்பார்கள். ஓராண்டு வெயிலும் புகையும் பட்டு அவை காய்ந்து பழுத்துப்போகும். அவற்றைத் திரட்டி எரித்த நீறே இந்த ஆண்டு நெற்றியில் ஏறுகிறது. சென்ற ஆண்டின் வெற்றி முழக்கம் இவ்வாண்டின் சாம்பல். மனிதன் மண் என்பதை நினைவூட்டும் சொற்களைக் கூறி, குருவானவர் நெற்றியில் சிலுவை அடையாளம் இடுவார். ஆனால் அதே நாளில் படிக்கப்படும் நற்செய்திப் பகுதி, நோன்பிருப்பவன் முகத்தைக் கழுவிக்கொள்ளட்டும், பிறர் காண வாடியிருக்க வேண்டாம் என்று இயேசு கூறிய அறிவுரை. முகத்தைக் கழுவச் சொல்லிப் படித்துவிட்டு முகத்தில் சாம்பலைப் பூசுவதா என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். அந்த முரண்பாட்டைத் திருச்சபை நீக்காமல் வைத்திருப்பதே நல்லது என்பேன். நெற்றியில் அடையாளம் தரிக்கும் ஒவ்வொருவரையும் அது உறுத்திக்கொண்டிருக்கும்.

விதிகள் காலந்தோறும் தளர்ந்து வந்துள்ளன. பழங்காலத்தில் கதிரவன் மறைந்த பின்னரே ஒருவேளை உணவு. புலால், முட்டை, பால் எதுவும் இல்லை. 1966-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட ஆணைக்குப் பின், கத்தோலிக்கருக்குக் கட்டாய ஒருசந்தி நாள்கள் இரண்டாயின: சாம்பற் புதனும் பெரிய வெள்ளியும். 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பதினெட்டு வயது நிறைந்தவர் முதல் ஐம்பத்தொன்பது வயது நிறையும் வரை உள்ளவர்க்கே இவ்விதி என்று வரையறுத்தது. நோயாளிக்கு விலக்கு உண்டு; கருவுற்ற தாய்க்கு உண்டு; கடின உழைப்பாளிக்கும் உண்டு. கரும்புக் காட்டில் அரிவாள் பிடித்து நிற்பவன் கஞ்சியைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தக் காலத்துச் சட்டமும் சொல்லவில்லை. லுத்தரின் வழிவந்த சபைகளில் கட்டாய விதியே இல்லை. இப்பகுதியில் டென்மார்க்கு நாட்டு மிஷனின் உழைப்பால் வளர்ந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபை அவ்வழியைச் சேர்ந்தது. திருக்கோவலூரில் அம்மிஷன் நிறுவிய மருத்துவமனையைப் பலரும் அறிவர். உண்ணாமையால் புண்ணியம் சேராது என்பது லுத்தரின் கொள்கை. ஆயினும் காலத்தை அவர் கைவிடவில்லை. கிறிஸ்துவின் பாடுகளைத் தியானிக்கும் நாள்களாக அது அச்சபைகளில் நிலைத்தது.

திருக்கோவலூரைக் குறிப்பிட்டவுடன் மற்றொரு நினைவு எழுகிறது. அவ்வூரில் தென்பெண்ணையாற்றின் நடுவே ஒரு பாறை இருக்கிறது. கபிலர் குன்று என்பர். பாரி மாய்ந்த பின், அவன் மகளிர்க்கு வாழ்வு தேடிவிட்டுப் புலவர் கபிலர் உயிர்விட்ட இடம் அது என்பது வழிவழி வந்த செய்தி. உண்ணாது வடக்கிருந்தார் என்பர் சிலர். தீப்புகுந்தார் என்று கோவலூர்க் கோயிற் கல்வெட்டுக் கூறுகிறது. நட்பின் பொருட்டும் மானத்தின் பொருட்டும் வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாது உயிர் நீத்தல் சங்ககால வழக்கம். கோப்பெருஞ்சோழன் அவ்வாறே மாய்ந்தான். நேரில் காணாத நண்பர் பிசிராந்தையார் வந்து உடனிருந்து மாய்ந்தார். இதற்குச் சற்று வடக்கே, செஞ்சியின் அருகிலுள்ள திருநாதர்குன்றில், சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாதிருந்து உயிர்விட்ட செய்தி பாறையில் வெட்டப்பட்டுள்ளது. அந்த எண்ணைக் காணும்போதெல்லாம் 1952-இல் சென்னையில் ஆந்திர மாநிலத்திற்காக ஐம்பத்தெட்டு நாள் உண்ணாதிருந்து மாண்ட பொட்டி ஸ்ரீராமுலுவும், 1956-இல் நம் மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்று பெயரிடுமாறு கோரி உண்ணாதிருந்து உயிர்துறந்த சங்கரலிங்கனாரும் என் நினைவுக்கு வருவர்.

இவையெல்லாம் உண்ணாமையே. ஆனால் ஒன்றல்ல. வடக்கிருப்பவர் திரும்பி வருவதில்லை. சமணத் துறவி உடலைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறார். போராட்டக்காரர் தம் பசியைப் பிறர் மனச்சான்றின் வாயிலில் கொண்டுபோய் வைக்கிறார். தவக்காலத்து நோன்புக்கோ எல்லை உண்டு. முடிவில் விருந்து உண்டு. அது வாழ்வதற்காகவே நோற்கும் நோன்பு. இவை அனைத்தினின்றும் வேறுபட்டது பட்டினி. 1876 முதல் 1878 வரை தாதுவருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் பெயரிட்டழைத்த கொடுமையில் சென்னை மாகாணமெங்கும் இலட்சக்கணக்கானோர் உண்ணாமல் மாண்டனர். அவர்கள் எதையும் நோற்கவில்லை. தானாக விரும்பிக் கைவிட்டால்தான் நோன்பு; இல்லாமையால் கைவிட்டது பட்டினி. உண்ண உணவு உள்ளவனுக்கே நோன்பு இயலும் என்றால், அவன் உண்ணாமல் விட்ட உணவு எங்கே போயிற்று என்னும் வினா உடனே பிறக்கிறது.

திருச்சபையின் தொடக்ககாலப் பெரியோர் இதற்கு ஒளிவுமறைவின்றி விடை கூறினர்: விட்ட உணவு இல்லாதவனுக்குப் போக வேண்டும். அவ்வாறு போகாவிட்டால் அது நோன்பன்று, சிக்கனம். வள்ளுவரும் பசியைப் பொறுப்பவரின் ஆற்றலைப் பிறர் பசியைத் தீர்ப்பவரின் ஆற்றலுக்குப் பின்னேதான் வைத்தார். தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் சபைகளில் பிடியரிசி என்று ஓர் அழகிய வழக்கம் வேரூன்றியது. உலையில் அரிசி இடும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்து வேறு கலயத்தில் போடுவர். வாரக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். பெரிய தொகை எழுதி ரசீது வாங்கும் தருமத்தைக் காட்டிலும் இந்தக் கைப்பிடி எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது. அதைக் கொடுத்தவள் அந்தப் பிடியைத் தன் தட்டில் குறைவாகக் கண்டிருப்பாள்.

இஸ்ரயேலின் இறைவாக்கினர் ஏசாயா இன்னும் ஒருபடி மேலே சென்றார். தலையை நாணல்போல் வளைத்துக்கொண்டு சாக்குத்துணியில் அமர்வதை இறைவன் நோன்பாகக் கொள்வதில்லை. கட்டுண்டவரை விடுவிப்பதையும் நுகத்தை முறிப்பதையுமே அவன் நோன்பாகக் கொள்கிறான் என்பது அவர் உரையின் கருத்து. தவக்காலத்தின் தொடக்க நாள்களில் தேவாலயங்களில் படிக்கப்படும் பகுதி அது.

நுகம் என்பதை உவமையாக மட்டும் கொள்ள வேண்டாம். கல்வராயன் மலை மூன்று ஜாகீர்களாகப் பிரிந்து கிடந்தது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் ஜாகீர்தார்களுக்கு வரியும் செலுத்தி, கூலியில்லா வேலையும் செய்து வந்தனர். நாடு விடுதலை பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்து, 1976-இல்தான் அம்மலை அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் நடுவண் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான். வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு இன்று அது ஒரு தனி வட்டம். இங்கு ஓர் எச்சரிக்கை: கல்வராயன் என்னும் பெயரையும், இயேசு சிலுவையில் அறையுண்ட கல்வாரி என்னும் பெயரையும் ஒலியொப்புமை கொண்டு முடிச்சிடும் ஆர்வலர் சிலர் உண்டு. கல்வாரி, மண்டையோட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் மலைக்கும் அதற்கும் உறவில்லை. சொல்லால் உறவு இல்லை என்றேன். கூலியின்றிச் சுமந்தவர்களின் மலை இது என்பதை மறுக்கவில்லை.

கள்ளக்குறிச்சி நகரில் கருணாபுரத்தில் 2024 ஜூன் மாதம் நஞ்சு கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாடறியும். பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்காரர்கள். நாற்பது நாள் மதுவைத் தொடுவதில்லை என்று உறுதி பூண்டு அதைக் காக்கும் கிறித்தவத் தொழிலாளரும் தமிழ்நாட்டு ஊர்களில் உண்டு. நாற்பத்தோராம் நாள் அவர்களிற் பலர் திரும்பிப் போவதும் உண்டு. அவர்களைப் பழிப்பது எளிது. நாள் முழுவதும் முதுகொடியச் சுமந்தவனிடம் அந்த நாற்பது நாளைப் பெற முடிந்ததே என்று வியப்பவனே அவனோடு நாற்பத்தோராம் நாளைப் பற்றிப் பேசத் தகுதி உடையவன்.

இனிச் சொல்லப் போவது சற்றுக் கசப்பானது. ஆயினும் இந்த வட்டாரத்தில் தவக்காலத்தைப் பற்றிப் பேசுகிறவன் அதை விட்டுவிட்டுப் போக முடியாது. உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் எறையூர் என்னும் ஊர் இருக்கிறது. பழமையும் பெருமையும் வாய்ந்த கத்தோலிக்க ஊர். மாதா கோயில் புகழ்பெற்றது. ஒரே கோயிலைச் சேர்ந்த மக்கள் சாதியால் பிரிந்திருந்தனர். வழிபாட்டிலும் ஊர்வலத்திலும் அடக்கத்திலும் தமக்குச் சமமான இடம் இல்லை என்று நெடுங்காலம் முறையிட்டு வந்த தலித் கிறித்தவர்கள், தமக்கெனத் தனிப் பங்கு வேண்டும் என்று கோரினர். 2008-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் அக்கோரிக்கையை முன்வைத்து உண்ணாவிரதம் இருந்தனர். மார்ச் 9-ஆம் நாள் ஊரில் கலவரம் மூண்டது. அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறையினர் சுட்டதில் எதிர்த்தரப்பைச் சேர்ந்த இருவர் உயிரிழந்தனர்.

அந்நாள் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. பழைய முறையில் அதற்குப் பாடுகளின் ஞாயிறு என்று பெயர். அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 23-இல் வந்தது. மிக முந்தி வந்த ஈஸ்டர்களுள் ஒன்று, அதற்கு முன் அந்நாளில் அது வந்தது 1913-இல். எல்லாரும் ஒரே சாம்பலை ஒரே குருவின் கையால் நெற்றியில் ஏற்று முப்பத்திரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஒரு ஊரில் அவ்வாண்டு இருவகை உண்ணாமை அருகருகே நிகழ்ந்தது: திருச்சபை விதித்த ஒருசந்தியும், திருச்சபையின் வாயிலில் நீதி கேட்டு இருந்த உண்ணாவிரதமும். ஏசாயா எதனை நோன்பு என்றிருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். விடை சொல்வதற்கு முன், இரு வீடுகளில் அந்த ஈஸ்டர் எப்படி விடிந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். சமயத்திற்கு வெளியே நிற்பவர் இதைச் சுட்டி நகைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் தெருவும் சுடுகாடும் தேர்வடமும் இப்படிப் பிரிந்து கிடக்காத சமயத்தார் யாரும் இலர். ஆனால் சமயத்திற்கு உள்ளே நிற்பவருக்கு அந்தச் சமாதானம் போதாது. வருபவரும் திரும்பி வருபவரும் இருப்பவரும் ஒரே வாயிலில் கூடுவதற்காகத் தோன்றிய காலம் இது என்று முன்னர்க் கூறினேன் அல்லவா?

நாற்பது நாளின் கடைசியில் பெரிய வாரம். குருத்து ஞாயிற்றில் தென்னங்குருத்தும் பனங்குருத்தும் ஏந்திப் பவனி வருவர். பெரிய வியாழன் மாலையில் குருவானவர் மேலாடையைக் களைந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பன்னிருவரின் பாதங்களைக் கழுவித் துடைப்பார். இயேசு தம் சீடர்க்குச் செய்ததன் நினைவு அது. இச்சடங்கை மாலை வழிபாட்டிற்குள் கொண்டுவந்தது 1955-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம். பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்னும் ஆணை 2016-இல் வந்தது. அந்தப் பன்னிருவர் யார் யார் என்று பார்த்தாலே ஊரின் நிலை தெரிந்துவிடும். எல்லாத் தெருவிலிருந்தும் வந்தவர்கள் அந்த விசுப்பலகையில் அமர்ந்திருந்தால், அந்த ஊரில் தவக்காலம் நடந்திருக்கிறது.

வியாழன் இரவோடு கோயில் மணி ஓய்ந்துவிடும். மரக்கட்டையைத் தட்டியே மக்களை அழைப்பர். வெள்ளிக்கிழமை பூசை இல்லை. பாடுகளின் வரலாறு நெடுநேரம் படிக்கப்படும். மரத்தாலான சிலுவையை வரிசையாக வந்து முத்தி செய்வர். தாயின் துயரம் அன்று பெரிதாகப் பேசப்படும். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர், அத்தாயின் அழுகையைப் பொருளாக வைத்து அன்னை அழுங்கல் அந்தாதி பாடினார். இத்தாலியில் 1680-இல் பிறந்த அவர், மகனை இழந்த தாயின் புலம்பலைச் சொல்ல அந்தாதியைத் தேர்ந்தது வியப்புக்குரியது. ஒரு பாட்டின் இறுதியே அடுத்ததன் தொடக்கமாக வரும் அந்த யாப்பில் அழுகைக்கு முடிவிடம் கிடைப்பதில்லை. ஒப்பாரி கேட்டு வளர்ந்த காதுகளுக்கு இது விளங்கும். இதே வட்டாரத்துக் கூவாகத்தில், அடுத்த திங்களாகிய சித்திரையில், களப்பலியான அரவானுக்காகத் தாலியறுத்து அழுவோரின் ஓலமும் எழும். இரண்டும் ஒன்றென்று நான் கூறவில்லை. பலியானவனுக்காகக் கூடி அழ இந்த மண்ணுக்குத் தெரிந்திருந்தது என்கிறேன்.

சனிக்கிழமை இரவு கோயிலின் விளக்குகள் எல்லாம் அணைக்கப்பட்டிருக்கும். வெளியே முற்றத்தில் புதிய தீ மூட்டுவர். அத்தீயிலிருந்து ஒரு பெரிய மெழுகுதிரியை ஏற்றிக்கொண்டு குருவானவர் இருட்டான கோயிலுக்குள் நுழைவார். அதிலிருந்து ஒருவர் கைத்திரியை மற்றொருவர் ஏற்ற, ஒளி வரிசை வரிசையாகப் பின்னால் பரவும். பக்கத்தில் நிற்பவர் யார், எந்தத் தெரு என்று பார்த்து எவரும் திரியை நீட்டுவதில்லை. இருட்டில் அது தெரியாது. பிறகு மூன்று நாளாக வாய்மூடியிருந்த மணிகள் அனைத்தும் ஒருசேர ஒலிக்கும். பழைய முறைப்படி அந்த இரவில் ஞானஸ்நானம் பெறுவோர் முன்வந்து நிற்பர். வழிபாடு முடியும்போது நள்ளிரவும் கடந்திருக்கும். வெளியே இன்னும் தணல் கிடக்கும். குழந்தைகள் அதைச் சுற்றி நின்று குச்சியால் கிளறிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் கறிக்குழம்புக்கு மசாலா அரைக்க வேண்டும் என்று பெண்கள் விரைந்து நடப்பார்கள்.